வர்க்கமூல வகுப்பில் வாத்தியார் மனைவி

கண்ணாடியக்கா என்று கேட்டால் அந்தத் தொழிற்பேட்டையில் சின்னப் பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டும். மூக்குக் கண்ணாடி போட்டவள் என்று நினைத்துத் தேடி வந்தவர்கள் உண்டு. அவளுக்குப் பார்வை பருந்துக்கு உள்ளது போல. கண்ணாடி அறுப்பது அவள் தொழில். அதனால் அந்தப் பெயர்.

பதினேழு வயதில் கடையைக் கூட்டிப் பெருக்க வந்தவள், ஒரு வருடத்துக்குள் வைர ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். கம்பளி விரித்த மேசையில் கண்ணாடியைக் கிடத்தி, ஊசி நுனியை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு. சத்தம் பட்டுத் துணி கிழிவது போல ஒரே சீராக வரவேண்டும். நடுவில் நின்று யோசித்தால் கண்ணாடி பழிவாங்கிவிடும். கோடு விழுந்ததும் அடியில் ஒரு தட்டு, இரண்டு கையாலும் ஒரு மடக்கு, அவ்வளவுதான். அந்த மடக்கில் பழகுவதற்குள் அவளுடைய இரண்டு கைகளிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தழும்புகள் விழுந்துவிட்டன.

கடைக்கு மேலே மாடி அறையில் வாடகைக்கு இருந்த கல்லூரி மாணவன் ஒருநாள் உடைந்த ஜன்னல் கண்ணாடியோடு வந்தான். அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவன் படித்துக்கொண்டிருந்தான். பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், அப்புறம் ஆசிரியர் பயிற்சி. அவள் கை ஓடியதால் அவன் படிப்பு ஓடியது. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒருவேளை கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

அந்த நாட்களில் ஒரு சம்பவம் நடந்தது. இரண்டடிக்கு இரண்டடி மேசைக் கண்ணாடி வாங்கிப்போன ஒருவர், திரும்பி வந்து இதே மாதிரி சதுரமாக, ஆனால் இரண்டு மடங்கு பெரியதாக வேண்டும் என்றார். கடையில் இருந்த இன்னொருவர் நாலடிக்கு நாலடி அறுத்துக் கொடுத்துவிட்டார். வந்தவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ரெண்டு மடங்கு கேட்டா நாலு மடங்கு அறுத்து வெச்சிருக்கீங்க! இது மேசையா, மைதானமா?"

மூன்றடி வைத்துப் பார்த்தார்கள், அதுவும் அதிகம். கண்ணாடியக்கா மூலையில் கிடந்த இரண்டு பழைய சதுரத் துண்டுகளை எடுத்தாள். இரண்டும் ஒரே அளவு. இரண்டையும் மூலைக்கு மூலை அறுத்தாள். நாலு முக்கோணம். நாலின் செங்கோண மூலைகளையும் நடுவில் சேர்த்து வைத்தாள். பெரிய சதுரம் ஒன்று கண்முன்னே படுத்துக் கிடந்தது. அதன் ஒவ்வொரு பக்கமும் பழைய சதுரத்தின் மூலைவிட்டம். அப்புறம் என்ன, பழைய மேசையின் மூலைக்கு மூலை அளவு நாடாவைப் பிடித்தாள். முப்பத்துநாலு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. அந்த அளவில் அறுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் இதை வீட்டில் சொன்னபோது கணவன் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டான். "என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா? ரூட்டு ரெண்டைக் கையால தொட்டுட்டு வந்திருக்கேடி!" என்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கணவன் தன்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டது என்று அவளுக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

வேலை கிடைத்தது. மாணவன் வாத்தியார் ஆனார். பகலில் பெரிய பள்ளிக்கூடம், சாயங்காலம் வேலைக்குப் போகிறவர்களுக்கான தொழிற்கல்விக் கூடம். இரண்டிலும் கணக்கு. கைகளைப் பிடித்துக்கொண்டவர் கைகளைப் பார்த்து முகம் சுளிக்க ஆரம்பித்தார். உடன் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால், "காபிய வெச்சுட்டு உள்ள போ. அந்தக் கைய ஆட்டி ஆட்டிப் பேசாதே" என்பார் மெதுவாக. மனைவி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், "அவங்க குடும்பமே கண்ணாடி வியாபாரம்" என்று ஒரு போடு போடுவார். ஒரே மகள். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினாள். அதில் கையெழுத்துப் போட்டது கண்ணாடியக்காதான்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருடத்தில் கடை தொழிற்சாலையாக மாறியது. முதலாளியின் மருமகன் மேலாளராக வந்தார். அறுக்கும் மேசையில் கணினி வந்தது. "அளவைப் போட்டா அதுவே அறுக்கும்க்கா. ஆனா அளவு போடுறவங்க கணக்குத் தாள் ஒண்ணு பாஸ் பண்ணியிருக்கணும். சட்டம் அப்படி. நீங்க அதுவரைக்கும் கழுவுற பக்கம் போயிடுங்க" என்றார் மேலாளர். இருபத்தாறு வருடம் அறுத்தவள் ரப்பர் செருப்பும் ஈரக் கையுறையுமாக, மற்றவர்கள் அறுத்த கண்ணாடியைக் கழுவப் போனாள். அந்தத் தாளுக்கு ஊரில் ஒரே இடத்தில்தான் வகுப்பு. சாயங்காலத் தொழிற்கல்விக் கூடம். கணக்குக்கு ஒரே வாத்தியார்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் வாத்தியார்.

"வேற வழி இல்லங்க."

"கழுவுற வேலை செஞ்சா என்ன? கை தேஞ்சு போயிடுமா? ஏற்கெனவே அந்தக் கையில என்ன மிச்சம் இருக்கு?"

அவள் படிவத்தை நீட்டியபடி நின்றாள். அப்படி நின்றால் நகரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "படிவத்துல தொழிற்சாலை முகவரி குடு. வகுப்புல நான் யாரோ, நீ யாரோ. வாயத் திறந்து யார்கிட்டயாவது சொன்னே, அன்னிக்கே பேரை வெட்டிடுவேன். அங்க சாகக் கிடந்தாலும் நான் உன் புருஷன் இல்ல. புரியுதா?"

"சரிங்க."

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் பத்துப் பேர். வேன் ஓட்டுகிறவர், மின்வேலைக்காரர்கள், தையல் கூடத்துப் பெண்கள். வாத்தியார் அவளைப் பார்த்து, "பின்னால இருக்கிற அம்மா, கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க" என்றார். வீட்டில் 'நீ', 'வாடி', 'போடி' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த 'ங்க' வினோதமாக இருந்தது. அவர் அவளுக்கு மரியாதை கொடுத்த ஒரே இடம் அந்த வகுப்பறைதான். அதுவும் அவள் யாரோ என்பதால்.

முதல் பாடம் எண்களை வகைப்படுத்துவது. எண்ணுவதற்கு உள்ளவை இயல் எண்கள். அதோடு பூஜ்யத்தைச் சேர்த்தால் முழு எண்கள். கழித்தல் குறி போட்டவையும் சேர்ந்தால் முழுக்கள். இரண்டு முழுக்களைப் பின்னமாக எழுத முடிந்தால், கீழே பூஜ்யம் இல்லாத வரைக்கும், விகிதமுறு எண். எப்படிப் புரண்டாலும் எழுத முடியாது என்றால் விகிதமுறா எண். எல்லாம் சேர்ந்தது மெய்யெண்கள். கரும்பலகையில் பெட்டிக்குள் பெட்டியாக வரைந்துவிட்டு, வர்க்கமூலம் என்றால் என்ன என்று கேட்டார்.

"எங்க மாமாவுக்கு மூலம் இருக்கு சார். உக்கார முடியாம அவஸ்தைப்படுறாரு" என்றார் வேன்காரர். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். தன் வாத்தியாரைப் பார்த்துத் தானும் வாய்விட்டுச் சிரித்தாள். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"பின்னால சிரிக்கிற அம்மா, எழுந்து வாங்க."

பலகையில் ஆறு எண்கள் இருந்தன. கழித்தல் ஏழு, பூஜ்யம், மூன்றில் இரண்டு, ரூட்டு பதினாறு, ரூட்டு இரண்டு, ஏழில் இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் அதனதன் பெட்டியில் போடச் சொன்னார். முதல் மூன்றையும் சரியாகப் போட்டாள். ரூட்டுக் குறி போட்ட இரண்டையும் சேர்த்து விகிதமுறா பெட்டியில் போட்டாள். கடைசி எண்ணுக்குப் போவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"ரூட்டு பதினாறு ஏன் இங்க வந்துச்சு?"

"ரூட்டு போட்டிருக்குல்ல சார்."

"வெள்ளைக் கோட்டு போட்டவன் எல்லாம் டாக்டராம்மா? எந்த எண்ணை அதாலயே பெருக்குனா பதினாறு?"

"நாலு."

"அப்ப அது யாரு?"

"...நாலு."

"நாலுங்கிற எண் கோட்டு மாட்டிக்கிட்டு வந்து நின்னா உங்களுக்கு அடையாளம் தெரியல." வகுப்பில் சிரிப்பு. அவள் சுண்ணக்கட்டியோடு திரும்பினாள்; போகவிடவில்லை. "இருங்க. ரூட்டு ரெண்டை மட்டும் எப்படிச் சரியா போட்டீங்க? குருட்டாம்போக்கா?"

இங்கேதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "அது ஒண்ணு புள்ளி நாலு ஒண்ணு நாலு சார். நாங்க வேலைல அப்படித்தான் போடுவோம். அப்படிப் பாத்தா ஆயிரத்துல ஆயிரத்து நானூத்திப் பதினாலு. பின்னமா எழுதலாம். விகிதமுறு பெட்டியிலதான் போடணுமோன்னு இப்பத் தோணுது."

வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அப்படியா? அதை அதாலயே பெருக்குங்க. இங்கயே. பலகையில."

பெருக்கினாள். தழும்பு விழுந்த விரல்களுக்கு நடுவே சுண்ணக்கட்டி நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு வரியில் தப்பு வந்தது. முதலிலிருந்து அழிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை இன்னொரு தப்பு. மறுபடி அழிக்கச் சொன்னார். வகுப்பு முதலில் சிரித்தது, பிறகு நெளிந்தது, பிறகு மணியைப் பார்த்தது. இருபது நிமிடம் போயிருக்கும். கடைசியில் விடை வந்தது. ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது மூன்று ஒன்பது ஆறு.

"ரெண்டு வந்துதா?"

"வரல சார்."

"எத்தனை இலக்கம் சேர்த்தாலும் வராது, எந்தப் பின்னம் போட்டாலும் வராது. அதனாலதான் அது விகிதமுறா எண்."

"கண்ணாடிக்கு அது போதும் சார்" என்றாள் மெதுவாக.

"கண்ணாடிக்குப் போதும். மூளைக்குப் போதாது. போய் உக்காருங்க." அப்புறம் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "ரூட்டு ரெண்டை எப்படிப் புரிய வைக்கிறதுன்னு சொல்றேன். ரொம்ப நாளுக்கு முன்னாடி ஒரு கண்ணாடிக் கடையில சதுரத்தை ரெண்டு மடங்காக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தாங்க. நான் போய் ரெண்டு துண்டை மூலைக்கு மூலை அறுத்துக் காட்டினேன்..."

கடைசி பெஞ்சில் அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். நாலு முக்கோணம். பெரிய சதுரம். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை, ஆளைத் தவிர.

வகுப்பு முடிந்து அவர் ஸ்கூட்டரில் போவார். அவள் பேருந்துக்கு நிற்பாள். ஒருநாள் கொட்டுகிற மழை. நிறுத்தத்தில் கூரை இல்லை. ஸ்கூட்டர் அவளைத் தாண்டிப் போனபோது சக்கரத்துச் சேறு அவள் புடவையில் அடித்தது. வீட்டுக்கு வந்தபோது அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, "இவ்வளவு நேரமா? பசி உயிர் போகுது" என்றார்.

ஆனால் அவள் படித்தாள். சாப்பாட்டு நேரத்தில் கழுவும் பிரிவில் ஒதுக்கிப் போட்ட கண்ணாடித் துண்டுகள் மேல் பேனாவால் எழுதுவாள், ஈரத் துணியால் துடைப்பாள், மறுபடி எழுதுவாள். ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் வர்க்கங்கள் நாக்கு நுனியில் நின்றன. எது முழு வர்க்கம், எது இரண்டு முழு எண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னாள். ஏழில் இருபத்திரண்டு பார்ப்பதற்கு விகிதமுறா எண் போல் நடிக்கிற சாதாரணப் பின்னம் என்பது பிடிபட்டபோது தனியாகச் சிரித்துக்கொண்டாள். கழித்தல் நாலுக்கு மெய்யெண்களில் வர்க்கமூலமே கிடையாது என்பதும் புரிந்தது. எதை அதாலேயே பெருக்கினாலும் கழித்தல் வராதே.

தேர்வு வந்தது. அனுமதிச் சீட்டுகளை அலுவலகத்திலிருந்து வாங்கி வாத்தியார் வகுப்பில் கொடுத்தார். "பின்னால இருக்கிற அம்மாவுக்கு வரல. அப்புறமா வரும்."

வீட்டில் கேட்டாள். "நிஜமாவே வரலையாங்க?"

"வந்தா குடுக்க மாட்டேனா? உன் சீட்ட வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

வரவில்லை. தேர்வு நாளன்று அவள் கண்ணாடி கழுவினாள். ஒரு மாதம் கழித்து அலமாரியைத் தூசி தட்டியபோது அவருடைய தடித்த மடக்கை அட்டவணைப் புத்தகத்திலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. அவள் படம், அவள் பெயர், அவள் எண். அவர் குளித்துவிட்டு வருகிற வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் பார்த்தார். மறைக்கவோ மழுப்பவோ இல்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "நீ பெயிலானா என் வகுப்புப் பேர் கெடும். பாஸானா நீ இன்னும் நிமிர்ந்து நடப்பே. எனக்கு ரெண்டுமே வேணாம்."

அவள் அழவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அடுத்த வருடத்துக்குப் பணம் கட்டி மறுபடி அதே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சீட்டு யார் கையில் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வருடம் மூன்றாவது மாதம். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். போன முறை தேறாத வேன்காரரும் மறுபடி வந்திருந்தார். வாத்தியார் பலகையில் பத்து எண்கள் எழுதி வகைப்படுத்தச் சொல்கிற வழக்கமான பயிற்சி. ஒன்பது எழுதிவிட்டார். பத்தாவதற்கு ரூட்டுக் குறியைப் போட்டு மேல்கோட்டை இழுத்தார். கோடு நிற்கவில்லை. ஒரு முழம், இரண்டு முழம், பலகையின் ஓரம் வரைக்கும் போய், பலகையைத் தாண்டிச் சுவரிலும் ஏறியது. "சார்?" என்றார் யாரோ. வாத்தியார் திரும்பினார். வாயின் ஒரு பக்கம் தொங்கியது. வலது கையிலிருந்து சுண்ணக்கட்டி விழுந்தது. பின்னாலேயே அவரும் விழுந்தார்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வேன்காரர் பாய்ந்து போய்த் தூக்கினார். "பக்கவாதம் மாதிரி இருக்கு, எங்கப்பாவுக்கு வந்துச்சு. தூக்குங்கப்பா, என் வண்டியிலயே போயிடலாம்!" வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக் கத்தினார். "சார் வீடு யாருக்காவது தெரியுமா? வீட்டு ஆளுங்க யாரையாவது தெரியுமா?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கண்ணாடியக்கா எழுந்துதான் நின்றாள். வாயும் திறந்தது. வேன்காரர் தோளில் சாய்ந்திருந்த தலையில் ஒரு கண் திறந்திருந்தது. அது அவளைப் பார்த்ததா, அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. அங்க சாகக் கிடந்தாலும் நான் உன் புருஷன் இல்ல. அவர் போட்ட நிபந்தனைதானே. வாயை மூடிக்கொண்டாள்.

வேன் போய்விட்டது. மற்றவர்கள் அலுவலகத்துக்கு ஓடினார்கள். வகுப்பறையில் அவள் மட்டும். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் வைத்த பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், தொழிற்கல்விக் கூடத்து எண். அவருடைய கோப்பில் வீட்டுத் தொடர்புக்கு என்று இருந்தது அவள் எண்தான். அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

நோட்டைத் திறந்தாள். பலகையில் இருந்த ஒன்பது எண்களையும் ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் வகையை எழுதினாள். ரூட்டு நூற்று இருபத்தொன்று, பதினொன்று, இயல் எண். ரூட்டு பத்து, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே, விகிதமுறா எண். கழித்தல் ஐந்தில் மூன்று, விகிதமுறு எண். பை மறுபடி அதிர்ந்தது. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. எழுதி முடித்து, ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். பத்தாவதன் கோட்டுக்குக் கீழே எண் இல்லாததால் அதை விட்டுவிட்டாள். மூன்றாம் தடவையும் அதிர்ந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. நான்காம் தடவை அடித்தபோது எடுத்தாள்.

"ஆமா, அவர் வீடுதான். ஐயோ, எப்போ?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் அவளைப் பார்த்ததும் கத்திவிட்டார். "எவ்வளவு நேரம்மா உங்களைக் கூப்பிடுறது? மூளையில ரத்த அடைப்பு. கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஆபத்தும் இருக்கிறதால சொந்தக்காரங்க கையெழுத்து கேக்குறாங்க இங்க. ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டிருக்கு, தெரியுமா?"

"வேலையில இருந்தேங்க. சத்தம் கேக்கல." அவர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஊசி போட்டார்கள். பிறகு டாக்டர் வெளியே வந்து, கத்தியதற்கு வருத்தப்பட்டவர் போலத் தணிந்த குரலில் பேசினார். "உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா முக்கால் மணி நேரம் முன்னாடி போட்டிருந்தா இன்னும் நிறைய மீட்டிருக்கலாம்மா. பேச்சு, கணக்கு இதெல்லாம் பாக்கிற பக்கம் அடிபட்டிருக்கு."

தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து வேன்காரர் நின்றிருந்தார். சட்டையில் வாத்தியாரின் எச்சில் காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா... நீங்களா சார் வீட்டம்மா?"

"ஆமா."

"நீங்க அங்கதானே இருந்தீங்க. நான் கேட்டேனே. வாசல்ல நின்னு கேட்டேனே."

"சொல்லக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாருப்பா" என்றாள்.

அவர் எதையோ கேட்க நினைத்து, பதில் வந்துவிடுமோ என்று பயந்தவர் போலச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் தெரிகிறது. ஆனால் புது வாத்தியார் வந்த பிறகு நடந்த வகுப்புகளில், அவள் இருக்கிற வரிசையில் வேன்காரர் உட்காரவே இல்லை.

வாத்தியார் இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வார்த்தைகள் ஒன்றிரண்டு வந்தன. எண்கள் அடியோடு போய்விட்டன. கடிகாரத்தைக் காட்டினால் படம் பார்ப்பது போலப் பார்த்தார். மகள் நாலு நாள் லீவு போட்டு வந்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, "நீ தனியா எப்படிம்மா சமாளிப்பே?" என்று கேட்டுவிட்டு, கிளம்பிப் போனாள்.

கண்ணாடியக்கா தேர்வு எழுதினாள். தொண்ணூற்றொன்று. மேலாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்து, அவளைக் கணினி மேசைக்கு முன் உட்கார வைத்தார். அன்று சாயங்காலம் மதிப்பெண் சீட்டை வாத்தியார் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவர் அதையும் படம் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அவள் எதிர்பார்த்து வந்தது எதுவோ அந்தக் கண்ணில் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. திட்டுவார், குறைந்தது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எத்தனை நாள் நினைத்திருந்தாள்!

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்தாள். எண் அட்டைகளைக் கொடுத்து, "தினமும் காலைல பத்து நிமிஷம் கேளுங்கம்மா. அவர் கணக்கு வாத்தியார், உள்ளே எங்கயாவது மிச்சம் இருக்கும். சரியா சொன்னா பாராட்டுங்க, அதுதான் மருந்து" என்றாள்.

கண்ணாடியக்கா தினமும் கேட்டாள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன், பாத்திரம் கழுவின ஈரக்கையோடு எதிரில் முக்காலியைப் போட்டுக்கொண்டு கேட்பாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்தது. ஆறு மாதத்தில் கூட்டல். அவர் முகம் வியர்த்து, உதடு கோணி, ஒவ்வொரு எண்ணாக இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பெத்த தாய்கூட இப்படிப் பாத்துக்க மாட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் அட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தானாகக் கேட்டாள். "ரூட்டு நாப்பத்தொன்பது?"

அவர் கண்களில் ஏதோ அசைந்தது. இடது கை மடியிலிருந்து எழுந்து காற்றில் ஒரு குறி போட்டது. சின்ன இறக்கம், ஏற்றம், மேலே ஒரு கோடு. வாய் திறந்து மூடியது. 

"ஏழு" என்றார்.

தெளிவாக, முழு வார்த்தையாக. விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் அத்தனை சுத்தமாக ஒரு சொல் வந்ததில்லை. முகம் மலர்ந்தது. கோணிய வாயோடு சிரித்தார். கல்லூரிக் காலத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அவளைப் பார்த்தாரே, கிட்டத்தட்ட அதே முகம்.

கண்ணாடியக்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பு" என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றது. "ஏ...ழு?"

"தப்புன்னு சொல்றேன்ல. நல்லா யோசிங்க."

"ஆ...று?"

"தப்பு."

"எட்...டு?" அவர் குரல் உடைந்தது. அவள் முகத்தையே பார்த்தார். அங்கே விடை எழுதியிருக்கும் என்பது போலத் தேடினார். அவள் முக்காலியை ஓரமாகத் தள்ளி வைத்தாள், செருப்பை மாட்டினாள், வெளிக் கதவைச் சாத்தினாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வாங்கியது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம், இரண்டு நிறுத்தம்தான். பேருந்து மூன்றாவது நிறுத்தத்தையும் தாண்டியது. தொழிற்சாலையில் அன்றைக்கு ஒரு கட்டடத்துக்கு அறுபது கண்ணாடி போக வேண்டியிருந்தது. அளவு போட ஆரம்பித்த பிறகு அவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த வாரம் பயிற்சிக்காரப் பெண் வந்து மூன்றும் இரண்டும் எத்தனை என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. "நல்லா வந்துக்கிட்டிருந்தாரே. இப்படிச் சிலருக்குத் திடீர்னு நின்னுடும்மா. நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டீங்க" என்று அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு, அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது கண்ணாடியக்கா அறுக்கும் பிரிவுக்குத் தலைவி. கீழே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். தப்பு அளவு போட்டவர்களை அவள் திட்டுவதில்லை. பலகைக்கு முன் நிற்க வைத்து, எல்லோரும் பார்க்க, முதலிலிருந்து போடச் சொல்கிறாள். வீட்டில் வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். தலையணை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டால்கூட அவர் வாயைத் திறப்பதில்லை. அவளே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.